கையில் ஒன்றும் இல்லாமல் ஐம்பது மீட்டர்

மெர்லிமாவ்
2.7.2024, செவ்வாய்

அஜீசாவுக்கு,

விஜயராணி எழுதுவது. கிழிக்காதே. கிழிப்பதாக இருந்தால் பாதியோடு கிழி, கீழ்ப் பாதியில் பொருள் பட்டியல் இருக்கிறது. அது வியாபாரம்.

உன்னோடு பேச மாட்டேன் என்று நானும், என்னோடு பேச மாட்டேன் என்று நீயும் கடற்கரையில் சத்தியம் பண்ணி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போனில் என் நம்பரையும் அடைத்து வைத்திருக்கிறாய். நான் யோசித்துப் பார்த்தேன். பேசுவதற்குத்தான் சத்தியம். எழுதுவதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் கடிதம் எழுதுவாள் என்று நீ எங்கே கண்டாய்? அதனால் உன் வீட்டுக்காரர் நூர்தீன் அண்ணன் எங்கள் கிளப்புக்குச் சாமான் இறக்க வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று கேட்டார். தொப்பிதான் குறைச்சல் என்றேன். வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். நான் ஆயர் குரோ கிளப்பில் நீச்சல் குளம் கழுவுகிறேன், உனக்குத் தெரியும். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் குளத்தைத் திறக்கலாம் என்று பேச்சு. வயசான மலாய்க்கார மக்சிக்குகள், டீச்சர்கள், நம் ஆட்கள் என்று பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் கரையில் ஆம்பளைக் காவலர் நிற்கக்கூடாது. பெண் ஒருத்தி நிற்க வேண்டும், அவளுக்கு நீந்தத் தெரிய வேண்டும். மேனேஜர் தர்மேந்திரன் தம்பி ஆள் தேடினார், கிடைக்கவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடியே நான் கேட்டேன்:

"தம்பி, நான் நிக்கட்டா?"

"அக்கா, ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டணும்லா. கையில ஒண்ணும் இருக்கக்கூடாது. டெஸ்ட் எடுக்க வெளியிலேர்ந்து ஆள் வருவாங்க."

"வரட்டும். நானும் தண்ணிக்கு வெளியிலேர்ந்துதானே வரேன்."

சிரித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். டெஸ்ட் இந்த மாதம் 30. தேறினால் எனக்குத் துடைப்பம் போய் விசில் வரும். தேறாவிட்டால் பெண்கள் நேரமே கிடையாது, வேறு ஆள் இல்லை.

மூன்று மாதமாக வேலை முடிந்ததும் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கித் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கோச் சொல்வதைக் கரை கழுவும்போது கேட்டு வைத்ததுதான் என் படிப்பு. நாலு மீட்டர் போகிறேன். பிறகு நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் பையிலிருந்து என்னென்னவோ எடுக்கிறார்கள், மீன் மாதிரி போகிறார்கள். அது எல்லாம் உன் கடையிலிருந்து எனக்கு வேண்டும். பிடித்துக்கொண்டு போகும் பலகை ஒன்று. எட்டு போட்ட மாதிரி இருக்கும் பஞ்சுக்கட்டை ஒன்று. காலில் மாட்டும் ரப்பர் வாத்துக்கால் ஒரு ஜோடி. உள்ளங்கையில் மாட்டும் தட்டு ஒரு ஜோடி. வாயில் வைக்கும் மூச்சுக்குழாய் ஒன்று. என் கையைத் தாளில் வைத்து வரைந்திருக்கிறேன். விரல் ஐந்தும் இருக்கிறது.

எதை எப்படிப் போடுவது என்று எழுது. சத்தியம் கெடாது.

பேசாத
விஜயராணி

பாயா ரும்புட்
5.7.2024

வாடிக்கையாளர் திருமதி விஜயராணி சிவசாமி அவர்களுக்கு,

தங்கள் பட்டியல் கிடைத்தது. கேட்ட ஐந்து பொருள்களும் இத்துடன் வருகின்றன.

பலகை கைகளைத் தாங்கும். எட்டு வடிவக் கட்டை இடுப்பைத் தாங்கும். தொடைகளுக்கு இடையில் வைக்கவும். வாத்துக்கால் வேகம் தரும். கைத்தட்டு அதிகத் தண்ணீரைத் தள்ளும். மூச்சுக்குழாய் இருந்தால் தலையைத் தூக்காமல் மூச்சு விடலாம். தேர்வுக்கு நாள் குறைவாக இருப்பதால் அனைத்தையும் ஒன்றாக அணிந்து பழகுவது நல்லது.

கைத்தட்டைத் தாங்கள் வரைந்த அளவைவிட ஓர் அளவு பெரிதாக வைத்துள்ளேன். பிள்ளைகளின் காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள், பிறகு இறுக்குகிறது என்று யாரும் வந்து நிற்பதில்லை.

என் உடம்பு எப்படியிருக்கிறது என்று என் கணவரிடம் விசாரித்ததாக அறிந்தேன். அது கடை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

இப்படிக்கு,
அஜீசா நூர்தீன்

மெர்லிமாவ்
17.7.2024

கடைக்கார அம்மா அவர்களுக்கு,

அவர்கள், தங்கள் எல்லாம் போட்டு எழுதினாய். எனக்கு யாரோ பெரிய வீட்டு டத்தின் எழுதினது போல இருந்தது. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது வக்கீல் கடுதாசியா?" என்று கேட்டார்.

நீ சொன்னபடி அத்தனையும் மாட்டினேன். முதலில் வாத்துக்கால். அதைப் போட்டால் கரையிலிருந்து குளத்துக்கு நடக்க முடியவில்லை, பின்பக்கமாகவே நடந்து போய் விழுந்தேன். எட்டைத் தொடையில் வைத்தால் காலை ஆட்டின உடனே நழுவிப் போகிறது. அதனால் துப்பட்டாவை வைத்துத் தொடையோடு கட்டிவிட்டேன். இரண்டு கையிலும் தட்டு. வாயில் குழாய். இப்போது பலகையைப் பிடிக்கக் கை எங்கே இருக்கிறது? நீ அதை எழுதவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் பலகையை நீச்சல் சட்டைக்குள் நெஞ்சில் சொருகிக்கொண்டேன்.

தர்மேந்திரன் தம்பி அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார்.

"அக்கா, நீந்துறீங்களா, இல்ல வீடு மாறிப் போறீங்களா?"

வாயில் குழாய் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பதில் சொல்லாமல் விட்டது அவர் பார்த்த முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் கேள். போனேன், அஜீசா! அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தேன். ஐம்பது மீட்டர். இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை போய்விட்டேன். பெயர் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர் ஆகிவிட்டார்கள்.

ஒன்றுதான் விளங்கவில்லை. போனது யார்? காலா, வாத்துக்காலா? கை நீந்துகிறதா, தட்டு நீந்துகிறதா? பலகை என்னைத் தூக்குகிறதா, நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போகிறேனா? எல்லாம் சேர்ந்து இருப்பதால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. தோள்பட்டை வேறு இரண்டும் விண் விண் என்று வலிக்கிறது.

கடை சம்பந்தப்படாத விஷயம் ஒன்று: நீ நன்றாக இருப்பதாக நூர்தீன் அண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

விஜயராணி

பாயா ரும்புட்
19.7.2024

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

ஐம்பது மீட்டர் சென்றதாக அறிந்தோம். பொருள்கள் பயன்பட்டதில் கடைக்கு மகிழ்ச்சி.

பலகையை நெஞ்சில் சொருகலாமா என்று பெட்டியில் குறிப்பு இல்லை. தடை என்றும் இல்லை. நன்றாக மிதப்பதால் அப்படியே தொடரவும். தினமும் அணிந்து போனால் உடம்புக்குப் பழகிவிடும். தேர்வன்று கழற்றினாலும் பழகின உடம்பு போகும்.

தோள்பட்டைக்குத் தைலம் தடவவும்.

அஜீசா நூர்தீன்

மெர்லிமாவ்
31.7.2024

அஜீசா,

எட்டு மீட்டர்.

நேற்று டெஸ்ட். சோதிக்க வந்த அம்மா நல்ல உயரம், கழுத்தில் விசில். தர்மேந்திரன் தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் கொடுத்த பெண்களில் ஆறேழு பேர் வேலி ஓரமாக வந்து நின்றார்கள், ஒரு மக்சிக் கொழுக்கட்டை கூடக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இறங்கினேன். சுவரை உதைத்தேன். கை போனது. கால் கீழே போனது. தலை மேலே வந்தது. பிறகு எது எங்கே போனது என்று தெரியாது. தண்ணீரைக் குடித்தேன். நுனியில் வளைவு வைத்த நீளக் கம்பு ஒன்று முன்னால் வந்தது, பிடித்துக்கொண்டேன். தேங்காய் பறிப்பது போல என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

நான்தான் முதலில் சிரித்தேன். "குளத்துல தண்ணி கூட இருந்துச்சு, கொஞ்சம் குறைச்சிட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மக்சிக் மட்டும் சிரிக்கவில்லை. கொழுக்கட்டையை என் கையில் வைத்துவிட்டு, "Tak apa, Rani, பரவால்ல" என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பிட முடியவில்லை.

ஒன்பது தடவை ஐம்பது மீட்டர் போனவள் எட்டு மீட்டரில் எப்படி முழுகுவாள்? சொல்லு. நீதானே சொன்னாய், பழகின உடம்பு போகும் என்று? உன் சாமான்கள் என்னை லோரியில் ஏற்றி இறக்கின மாதிரி ஏற்றிப் போய் இறக்கியிருக்கின்றன. லோரியில் உட்கார்ந்து போனவளுக்கு ஓட்டத் தெரியுமா? இதில் எனக்கு என்ன பிரயோஜனம்? பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிப் பிரயோஜனமாக இருக்கிறது? நான் முட்டாளா, சாமான் முட்டாளா, கடைக்காரி முட்டாளா?

தர்மேந்திரன் தம்பி பேசிப் பார்த்து இன்னொரு தேதி வாங்கியிருக்கிறார். செப்டம்பர் 3. அதுதான் கடைசி. அன்றைக்கும் முழுகினால் அந்த நேரத்தை வேறு ஆட்களுக்கு விட்டுவிடுவார்களாம்.

சாமானெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். நூர்தீன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பவா?

விஜயராணி

பாயா ரும்புட்
6.8.2024

வாடிக்கையாளர் திருமதி விஜயராணி அவர்களுக்கு,

நனைந்த பொருள்களைக் கடை திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்பதைத்

இந்த வரியை நாலு நாளாக எழுதி நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. ஆகவே நேராக எழுதிவிடுகிறேன்.

விஜயராணி, எனக்கு ஒன்றும் தெரியாது. நான் விற்கும் எந்தப் பொருளையும் நான் தண்ணீரில் வைத்துப் பார்த்ததில்லை. பெட்டியில் உள்ளதைப் படித்துச் சொல்கிறேன், வாங்குகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அணியச் சொல்லிப் பெட்டியில்கூட இல்லை. அது நானாகச் சொன்னது. ஐந்து பொருளும் உதவும் என்றால் ஐந்தையும் சேர்த்தால் ஐந்து மடங்கு உதவும் என்று கணக்குப் போட்டேன். பழகின உடம்பு போகும் என்றதும் நானாகச் சொன்னதே. உன்னைத் தண்ணீர் குடிக்க வைத்தது கடைக்காரிதான். நீ கேட்டதற்குப் பதில் அது.

ஏன் நான் தண்ணீரில் இறங்குவதில்லை என்று உனக்குத் தெரியும். அன்று தஞ்சோங் பிடாரா கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். காலடியில் மணல் போய்விட்டது. கையை ஆட்டினேன். உன்னைப் பார்த்துத்தான் ஆட்டினேன், வேறு யாரையும் எனக்குத் தெரியாது. நீ கரையில் நின்று, "ஏய் அஜீசா, டான்ஸ் ஆடுறியா?" என்று கத்தினாய். சிரித்தாய். மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பக்சிக் ஒருவர் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னை இழுத்தார். அவர் என் முதுகைத் தட்டித் தண்ணீரை எடுக்கும்போதும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். என் காதில் விழுந்தது.

கிண்டல் உன் பிறவிக் குணம் என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். முப்பது வருஷமாக உன் கிண்டலைக் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா? அன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இன்றுவரை விளங்கவில்லை.

சாமானை அனுப்பாதே. யாரிடமாவது கேட்டு எழுதுகிறேன்.

அஜீசா

மெர்லிமாவ்
9.8.2024

அஜீசா,

முதலில் நீ விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் அப்படிக் கத்தினேன். அது பொய்யில்லை.

அடுத்து உன் முகம் தெரிந்தது. தெரிந்த உடனே ஓடி வர வேண்டும். என் கால் நகரவில்லை. எனக்கும் நீந்தத் தெரியாது. நான் இறங்கினால் அந்தப் பக்சிக் இரண்டு பேரை இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை, இதெல்லாம் பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தது. அங்கே நின்றபோது என் வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. பயத்தில் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கத்தத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை. கையால் வாயைப் பொத்தினேன், நீ பார்த்திருக்க மாட்டாய். அது ஏன் அப்படி என்று கேட்டால் எனக்கும் விளங்கவில்லை. உனக்கு விளங்காததை நான் எப்படி எழுதி விளக்குவது?

நீ என்னோடு பேச மாட்டேன் என்றதும் எனக்குக் கோபம் வந்து நானும் சத்தியம் பண்ணினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன். அது மட்டும் எனக்கு நன்றாக விளங்குகிறது.

மன்னித்துக்கொள்.

சாக்கை அவிழ்த்துவிட்டேன். கேட்டு எழுது.

விஜயராணி

பாயா ரும்புட்
16.8.2024

விஜயராணி,

உன் கடிதத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். படித்தேன். பிறகு ஒரு தடவையும் படித்தேன். அவ்வளவுதான்.

சாமான் விஷயம். என் கடைக்கு ஃபரிஹா என்று ஒரு பெண் வருவாள், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். யார் என்று பெயர் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா போட்டாங்களா ஆன்ட்டி? பலகைய நெஞ்சுல வச்சா? அல்லாஹ்!" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் இரண்டு வாடிக்கையாளரைக் கவனித்தேன்.

"ஆன்ட்டி, இதெல்லாம் தாங்குறதுக்கு இல்ல. காட்டுறதுக்கு. எட்டு இருக்குல்ல, இடுப்பு எங்க இருக்கணும்னு அது காட்டும். பார்த்துக்கிட்டு எடுத்துரணும்லா. ஒண்ண மட்டும் போடணும். ஒரு தடவை போட்டுப் போகணும், உடனே ஒரு தடவை போடாம போகணும். ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறுச்சோ அதான் பாடம்."

பலகை பிடிப்பது கையைச் சும்மா வைத்துக் காலை மட்டும் பார்ப்பதற்காம். எட்டு வைப்பது காலைச் சும்மா வைத்துக் கையைப் பார்ப்பதற்காம். வாத்துக்காலோடு எட்டைக் கட்டினது ஆட வேண்டிய காலுக்கு விலங்கு போட்டது போல என்கிறாள். கைத்தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும், உனக்கு இப்போதைக்கு அது வேண்டவே வேண்டாம். தோள்வலி அதனால்தான். சப்பாத்து புத்தியில் நான் செய்தது. தூக்கிப் போடு.

எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் தூக்கம் வராது. கடையில் ஆள் இல்லாதபோது மூன்று ஸ்டூலை வரிசையாகப் போட்டுக் குப்புறப் படுத்தேன். எட்டைத் தொடையில் வைத்துக் கையை மட்டும் வீசிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நின்றார்.

"கடைய மூடிரவா, அஜீசா?" என்று கேட்டார்.

ஸ்டூலில் எனக்கு நன்றாக வந்தது. தண்ணீரில் எப்படி என்று நீதான் எழுத வேண்டும்.

அஜீசா

மெர்லிமாவ்
25.8.2024

அஜீசா,

மூன்று ஸ்டூலில் நீந்தினவளே, மலாக்காவிலேயே நனையாமல் நீந்தினது நீ ஒருத்திதான்.

இப்போது என் கதை. பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடித்தேன். நான் பின்னால் போகிறேன்! சத்தியமாகத்தான். காலை எவ்வளவு அடிக்கிறேனோ அவ்வளவு பின்னால். பிறகுதான் பார்த்தேன், முட்டியை மடக்கிச் சைக்கிள் மிதிக்கிறேன். இத்தனை நாள் வாத்துக்கால் அதை மூடி மறைத்திருக்கிறது. இப்போது தொடையிலிருந்து ஆட்டுகிறேன். முன்னால் போகிறேன், கட்டெறும்பு வேகத்தில்.

எட்டை வைத்துப் போனால் இடுப்புக்கு மேலே முதுகில் காற்று படுகிறது. சில்லென்று இருக்கும். எடுத்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் காற்று இல்லை, தண்ணீர்தான். நாலு நாள் இதே கதை. வைத்தால் காற்று, எடுத்தால் தண்ணீர். நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்பது? எட்டா வாய் திறந்து சொல்லும்?

அப்புறம் மூச்சுக்குழாயை மட்டும் போட்டேன். அதைப் போட்டால் தலையைத் தூக்க முடியாது, தூக்கினால் குழாய் இடிக்கும். கீழே தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். முதுகில் காற்று! எட்டு இல்லாமலே காற்று! பாதிக் குளத்தில் நின்று கத்திவிட்டேன். தண்ணீரில் குளோரின் அளக்க வந்த ஆள் பயந்துபோனார். அப்போது தெரிந்தது, தலை மேலே போனால் கால் கீழே போகிறது. டெஸ்ட் அன்றைக்குச் சுவர் எங்கே, எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். வாழ்க்கை பூராவும் நான் அடுத்தவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறவள்தானே.

ஆனால் குழாயை எடுத்தால் மூச்சு விட வேண்டும். மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் கால் மறந்துவிடுகிறது. காலை நினைத்தால் கை மறந்துவிடுகிறது. கையை நினைத்தால் மூச்சை மறந்து தண்ணீரைக் குடிக்கிறேன். ஒன்றொன்றாக எல்லாம் தெரிகிறது, ஒன்றாகச் சேர்த்தால் நான் யார் என்றே தெரியவில்லை. நேற்றைக்கு இருபத்தி ரெண்டு மீட்டர். இன்றைக்குப் பதினாலு. இது முன்னேற்றமா, பின்னேற்றமா? ஃபரிஹாவைக் கேள்.

விஜயராணி

பாயா ரும்புட்
28.8.2024

கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்ட்டி, குழப்பம் வந்தா சரியா போய்க்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்" என்கிறாள். எனக்கு இது சமாதானமாகத் தெரியவில்லை, ஆனால் கேட்கச் சொன்னது நீ, அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக விட்டுவிட வேண்டுமாம். மேலே வந்து விடவும் இழுக்கவும் நேரம் இருக்காதாம். வாளியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறாள்.

வாளிதான். வேறு எங்கும் வைக்கவில்லை.

அஜீசா

மெர்லிமாவ்
4.9.2024, புதன்

அஜீசா,

ஐம்பது மீட்டர்! கையில் ஒன்றும் இல்லை, காலில் ஒன்றும் இல்லை, வாயில் ஒன்றும் இல்லை.

அழகாக இருந்தது என்று நினைக்காதே. நீந்துகிறவர்கள் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். சுவரைத் தொட்டுத் திரும்பினேன். அதுவரைக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பத்து மீட்டர் வந்ததும் கை எது, கால் எது, மூச்சு எந்தப் பக்கம் என்று எல்லாம் கலங்கிவிட்டது. முன்பு இந்த இடத்தில்தான் தலையைத் தூக்குவேன். தூக்கவில்லை. முதுகில் காற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. இருந்தால் முழுகவில்லை என்று அர்த்தம், மற்றது எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். சுவரில் தலை இடித்தது. நெற்றியில் ஒரு புடைப்பு.

வேலி ஓரத்தில் மக்சிக்குகள் கத்தினது எனக்குக் கேட்கவில்லை, காதில் தண்ணீர். தர்மேந்திரன் தம்பி அழுகிறாரா என்று பார்த்தேன். "கண்ணுல குளோரின் பட்டிருச்சுக்கா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு எப்படிப் படும்?

சாமான் என்ன பிரயோஜனம் என்று உன்னைத் திட்டினேன் அல்லவா? வாபஸ். பிரயோஜனம்தான். கீழே வைக்கும்போதுதான் அது தெரிகிறது.

ஆனால் கதை முடியவில்லை. தேர்வுத் தாளில் இரண்டாம் பக்கம் ஒன்று இருக்கிறதாம். நம் மேனேஜர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். கரையில் நிற்கிறவள் தான் மட்டும் நீந்தினால் போதாது, இன்னொரு ஆளைத் தண்ணீரில் பத்து மீட்டர் இழுத்து வந்து காட்ட வேண்டும். அடுத்த செவ்வாய், 10-ஆம் தேதி, காலை பத்து மணி. அதைச் செய்தால்தான் விசில்.

நேற்றே ஒத்திகை பார்க்கலாம் என்று ஆபீஸ் கிராணி மலர்விழி இறங்கினாள். அவளுக்குக் கொஞ்சம் நீந்த வரும். இழுத்துக்கொண்டு வந்தேன். சோதிக்க வந்த அம்மா விசில் அடித்து நிறுத்திவிட்டார்கள். மலர்விழி தன்னை அறியாமலே காலை ஆட்டுகிறாளாம், நான் இழுக்கவில்லை, அவளாக வருகிறாளாம். நீந்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆட்டிவிடுவார்களாம். "நீந்தவே தெரியாத ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்க வேண்டும்" என்று சொன்னார்கள்.

பத்தொன்பது பேரையும் கேட்கலாம். கேட்டால் வருவார்கள். இரண்டு மக்சிக்குகள் தாங்களாகவே வந்து கேட்டுவிட்டார்கள். நான் இன்னும் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

இதுவரைக்கும் உன் கடையில் சாமான் வாங்கினேன். இப்போது கடைக்காரி வேண்டும்.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நெஞ்சளவுத் தண்ணீர். உனக்குக் கால் எட்டும். எந்த நேரமும் நின்றுகொள்ளலாம். ஆனால் நீ காலை ஊன்றினால் நான் தேறவில்லை என்று எழுதிவிடுவார்கள். மல்லாக்கப் படுத்துக்கொள்ள வேண்டும். நான் பின்னால் இருந்து உன் தாடையைப் பிடித்துக்கொள்வேன். என் முகம் உனக்குத் தெரியாது, கூரைதான் தெரியும். உடம்பு மூடின நீச்சல் உடை உன் கடையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் ஆம்பளை யாரும் உள்ளே வரமாட்டார்கள். நூர்தீன் அண்ணன் வெளியே வேனில் இருக்கலாம்.

வர முடியாது என்றால் எழுத வேண்டாம். நான் மக்சிக்கைக் கேட்டுக்கொள்வேன், கோபப்பட மாட்டேன்.

விஜயராணி

பாயா ரும்புட்
6.9.2024

விஜயராணி,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேனை விட்டு இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "பதில் இருக்கும்ல?" என்றார். போகச் சொன்னேன். இரண்டு நாளாயிற்று.

எனக்கு எதுவும் தெளிவாக இல்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. நான் மன்னிக்காத ஒருத்தியின் கையில் என் தாடையைக் கொடுக்கலாமா என்றும் தெரியவில்லை. இரவு முழுவதும் இதை ஃபரிஹாவிடம் கேட்க முடியுமா என்று யோசித்தேன். கேட்க முடியாது.

காலையில் கடையைத் திறந்ததும் என் அளவுக்கு ஓர் உடையை எடுத்து வைத்தேன். பில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, என் கடை, என் உடை.

மக்சிக்கைக் கேட்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிடுகிறேன், தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். இழுக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே வா. நீ பின்னால்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காலை ஊன்ற மாட்டேன்.

அஜீசா